போலோ ஜிடி டிஎஸ்ஐ-ல ஃபெரோடோ டிஎஸ்2500 பிரேக் பேட்: டிராக்குக்கும் ஆபீஸுக்கும் ஒரே செட் போதுமா?

முடிவ மொதல்லயே சொல்லிடறேன், மிச்சத்த நேரம் இருக்கறவங்க படிங்க. ஒரே கார், வாரம் பூரா ஆபீஸ், மார்க்கெட், பசங்கள ஸ்கூல்ல விடறது, எப்பவாச்சும் டிராக் டே (நம்ம கார ரேஸ் டிராக்ல கொண்டு போய் ஓட்டற நாள்), டயர் சாதா ரோட் டயர்தான். இப்படின்னா ஃபெரோடோ கம்பெனியோட டிஎஸ்2500 மாதிரி நடுவாந்தர காம்பவுண்ட் (பேட்ல இருக்கற உராய்வுக் கலவை) பேட், கூட நல்ல பிரேக் ஃப்ளூயிட், இவ்ளோதான் வேணும். செமி ஸ்லிக் டயர் (கோடு கம்மியா, புடிப்பு அதிகமா இருக்கற டிராக் டயர்) போட்டாச்சு, இல்ல ரீமேப் பண்ணி பவர் ஏத்தியாச்சுன்னா, ஒரே பேட்ல ரெண்டு வேலையும் நடக்கும்ங்கற ஆசைய விட்டுடுங்க, ரெண்டு செட் வெச்சு மாத்தி மாத்திப் போட்டுக்கறதுதான் வழி. அதாவது டயரப் பாத்து பேட் வாங்கணும், பாக்ஸ்ல பெருசா அடிச்சிருக்கற டெம்பரேச்சர் நம்பரப் பாத்து வாங்கக் கூடாது.

என் கார் பழைய 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 105 குதிரை, 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். எஞ்சின்ல கை வைக்கல, டயரும் ரோட் டயர்தான். என்னையும் பெட்ரோலையும் சேத்தா தோராயமா 1200 கிலோ வரும். ஓட்டற எடம் பெரும்பாலும் சென்னைக்குப் பக்கத்துல இருக்கற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக், ஒரு சுத்து 3.7 கிமீ, 12 வளைவு. கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்கற கரி ஸ்பீட்வே பக்கம் இருக்கறவங்களுக்கு ஒண்ணு: அது 2.1 கிமீ சுத்துதான், ஸ்பீடும் அவ்ளோ ஏறாது, ஆனா ஒரு பிரேக்குக்கும் அடுத்த பிரேக்குக்கும் நடுவுல ஆறறதுக்கு நேரமே கெடைக்காது, அதனால சின்ன டிராக்தானே, இருக்கற பேட் தாங்கும்னு நெனச்சுடாதீங்க.

ரோட்டுல நல்லாப் புடிக்கற பேட் டிராக்ல ஏன் கைய விரிக்குதுன்னு நெறைய பேருக்குப் புரியல, அதனால கொஞ்சம் கணக்கு. 1200 கிலோ கார் 160ல போகுது, வளைவுக்கு முன்னாடி 70க்குக் கொண்டு வர்றோம்னு வெச்சுக்கோங்க. அந்த ஒரு மிதிக்கு கார்கிட்டேருந்து கழிய வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 9.5 லட்சம் ஜூல். காத்து கொஞ்சம் எடுத்துக்கும், மிச்சம் பூரா டிஸ்க்லயும் டிரம்லயும் சூடா எறங்குது. வீட்டுல மூணு லிட்டர் தண்ணிய அடுப்புல வெச்சு கொதிக்க விடறதுக்கு எவ்ளோ சூடு வேணுமோ அவ்ளோ, அதுவும் மூணு நாலு செகண்டுக்குள்ள. அதுல பெரும் பங்கு முன் டிஸ்க் ரெண்டுக்குத்தான், ஏன்னா பிரேக் மிதிச்சதும் வெயிட்டு பூரா முன்னாடி வந்துடுது. இது ஒரு சுத்துல ஒரு தடவ இல்ல, திரும்பத் திரும்ப, அப்புறம் அடுத்த சுத்து, அடுத்த சுத்து. பூந்தமல்லி ஹைரோட்டுல என்னதான் அடிச்சு ஓட்டினாலும் இந்தச் சூடு வராது. ஈஎஸ்பி (கார் நழுவாம பாத்துக்கற எலக்ட்ரானிக் சிஸ்டம்) இருக்கற கார்னா இன்னும் ஒண்ணு சேத்துக்கோங்க, வளைவுல கார் நழுவும்போது அது பிரேக்கப் புடிச்சுத்தான் நிமித்துது, நீங்க மிதிக்காத நேரத்துலயும் பேட் வேல செஞ்சுக்கிட்டுதான் இருக்கும்.

கம்பெனி பேட்ல டிராக் ஓட்டினா எப்படி இருக்கும்னா, மொத ரெண்டு சுத்து அருமையா இருக்கும். அதுக்கப்புறம் பெடல் அதே ஹைட்ல நிக்கும், ஹார்டாவும் இருக்கும், ஆனா கார் நிக்கற வேகம் கொறஞ்சுக்கிட்டே போகும், காலால எவ்ளோ அழுத்தினாலும் முன்னாடி வந்த அந்தக் கடி வராது. ஏசி வழியா ஒரு எரிஞ்ச ரெசின் வாட உள்ள வரும். பேட் சூடு தாங்காம விடறது இது. ரோட் பேட்ல கலவைய ஒட்ட வெச்சிருக்கற பைண்டர் ரெசின் ஒரு அளவுக்கு மேல சூடேறினா சிதைய ஆரம்பிச்சு, பேடும் டிஸ்க்கும் ஒட்டிப் புடிக்கறதக் கெடுத்துடுது. இன்னொரு வகை இருக்கு, அது ஃப்ளூயிட் கொதிக்கறது, அப்ப பெடல் பொதபொதன்னு ஆகி கீழ வரைக்கும் எறங்கிடும். இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே காசு செலவு பண்றவங்க ஏராளம். பெடல் ஹார்டா இருந்து கார் நிக்கலேன்னா பேட மாத்தணும், பெடல் எறங்குச்சுன்னா ஃப்ளூயிட மாத்தணும். பெடல் எறங்கற காருக்கு எந்த உலகத்தர பேட் போட்டாலும் பெடல் எறங்கத்தான் செய்யும்.

அதனால பேடுக்கு முன்னாடி ஃப்ளூயிடு. இதுல நான் பிடிவாதம். ஃப்ளூயிட் பாட்டில்ல டாட்னு ஒரு தர நம்பர் போட்டிருக்கும், டாட் 4ன்னா புதுசுல கொறஞ்சபட்சம் 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறினப்புறம் 155. டாட் 5.1க்கு அது 260, 180. அந்த ஈரக் கணக்கு ஃப்ளூயிட்ல 3.7 சதவீதம் தண்ணி சேந்தப்புறம் எடுக்கறது, நம்ம சென்னை காத்துல ஈரத்துக்குக் கொறச்சலா என்ன, கவனிக்காம விட்டா நாள்பட அங்க போய் நிக்கும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதுசுல 312 டிகிரி, அரை லிட்டர் பாட்டில்ல வருது, பைக்காரங்க வாங்கற கடையிலேயே கெடைக்கும். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் ஈரம் ஏறினப்புறமும் 270 தாங்கும், ஆனா அந்த விலைக்கு இந்தக் காருக்கு அவசியம் இல்ல. நான் ஆர்பிஎஃப் 600 ஊத்தி, வருஷா வருஷம் மழை முடிஞ்சதும் மாத்திடறேன். ஒரு எச்சரிக்கை, டாட் 5ன்னு தனியா ஒண்ணு இருக்கு, அது சிலிக்கான், 5.1க்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது, கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்"ன்னு சொன்னா பாட்டில அவர்கிட்டயே குடுத்துட்டு வந்துடுங்க.

இப்ப பேடுக்கு வர்றேன். பல பேட்ல ஓரத்துலயோ பின் தகட்டுலயோ நீளமா ஒரு கோடு அடிச்சிருப்பாங்க, அதோட கடைசியில ரெண்டு எழுத்து சேந்தாப்பல இருக்கும், எஃப்எஃப், ஜிஜி இப்படி. மொத எழுத்து சாதா சூட்டுல உராய்வு எவ்ளோ, ரெண்டாவது சூடானப்புறம் எவ்ளோ. ஈன்னா 0.25லேருந்து 0.35, எஃப்னா 0.35லேருந்து 0.45, ஜின்னா 0.45லேருந்து 0.55. இத வெச்சு ஜிஜி வாங்கினா கார் சீக்கிரம் நிக்கும்னு கணக்குப் போடாதீங்க, அந்த எழுத்தக் குடுக்கற டெஸ்ட்ல வர்ற சூடு டிராக் சூடு இல்ல. அதோட ஏபிஎஸ் அடிக்கற அளவுக்கு உங்க கம்பெனி பேடே ரோட்டுல புடிக்குது இல்லையா, அப்ப நிறுத்தற தூரத்த முடிவு பண்றது டயர்தான், பேட் இல்ல. நல்ல பேட் செய்யறது என்னன்னா, மொத சுத்துல குடுத்த புடிப்ப கடைசி சுத்துலயும் குடுக்கறது. காசு குடுக்கறது அதுக்குத்தான்.

டிஎஸ்2500ல எனக்குப் புடிச்சது அதான். இதோட சராசரி உராய்வு 0.42, பச்ச சூட்டுலேருந்து (அதாவது இன்னும் சூடேறாம இருக்கும்போதுலேருந்து) 500 டிகிரி வரைக்கும் பெருசா ஏறாம எறங்காம போகுது. 0.42ன்னா எஃப் வகைக்குள்ளயே வந்துடுது, அதாவது சாதா ரோட் பேட் இருக்கற அதே வரம்பு. இது ஏன் முக்கியம்னா என் கார்ல பின்னாடி டிரம், அதுல கம்பெனி லைனிங்தான் இருக்கு, அதுக்கு ரேஸ் காம்பவுண்ட் தேடினாலும் கெடைக்காது. முன்னாடி மட்டும் கடிக்கற கடி ரொம்ப ஏறிடுச்சுன்னா பிரேக் பேலன்ஸ் முன்னாடி சாஞ்சு, முன் டயர் சீக்கிரம் லாக் ஆகப் பாக்கும், ஏபிஎஸ் சும்மா சும்மா அடிக்கும், பின்னாடி டிரம் வேலையே செய்யாம சொகமா வரும். டிஎஸ்2500 போட்டப்புறம் அந்தத் தொல்ல இல்ல. பெடல் மிதிக்கற அளவு, கார் மூக்கக் கவுக்கற விதம் எல்லாம் பழகின மாதிரியே இருக்கு, வீட்டுல வேற யாரும் எடுத்து ஓட்டினாலும் எதுவும் மாறினதாத் தோணாது. என் மனைவி ஓட்டிட்டு வந்து "பிரேக் மாத்தினியா என்ன?"ன்னு கேக்கல, ரோட்டுல ஓடற டிராக் காருக்கு இதவிடப் பெரிய சர்டிஃபிகேட் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஃபெரோடோ 1897ல இங்கிலாந்துல ஹெர்பர்ட் ஃப்ரூட்ங்கறவர் ஆரம்பிச்சது, குதிர வண்டிக்கு பிரேக் கட்டைக்கு நல்ல லைனிங் தேடி ஆரம்பிச்ச தொழில், இன்னிக்கு ரேஸ் வரைக்கும் வந்து நிக்குது. அவங்க ரேசிங் வரிசையில டிஎஸ் பெர்ஃபாமன்ஸ்னு ஒண்ணு இருக்கு, அது ஐரோப்பாவோட ஆர்90 சர்டிஃபிகேட் வாங்கின ரோட் பேட். ஆர்90ன்னா ஒரிஜினல் பேடோட உராய்வுலேருந்து 15 சதவீதத்துக்கு மேல கூடவோ கொறையவோ கூடாதுங்கற மாதிரி விதிகள். டிஎஸ்2500 அந்த வகை இல்ல, டிராக் டே, ராலி, லேசான ரேஸுக்குன்னு பண்ணது. ரோட்டுல ஓட்ட முடியாதுன்னு அர்த்தம் இல்ல, ஆனா தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. இதுக்கு மேல டிஎஸ்1.11 மாதிரி இருக்கறதெல்லாம் முழு ரேஸ் பேட், அத எடுத்துக்கிட்டு ஆபீஸ் போற எண்ணமே வேண்டாம்.

ஏன் வேண்டாம்? ரேஸ் பேட் நூறு நூத்தம்பது டிகிரிக்குக் கீழ வேற மாதிரி நடந்துக்கும். டிராக்ல சூடா இருக்கும்போது பேட் மெல்லிசா ஒரு படலத்த டிஸ்க் மேல விட்டு, அந்தப் படலமும் பேடும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் புடிக்கறதாலதான் முக்கியமா உராய்வு வருது. அதே பேட் பச்சையா இருக்கும்போது டிஸ்க்க சொரண்டித்தான் நிறுத்தும். ஏற்கெனவே படிஞ்ச படலத்தையும் உரிச்சு எடுத்துடும், டிஸ்க்கையும் தின்னும். காலைல பார்க்கிங்லேருந்து எறங்கி கேட்டத் தாண்டினதும் ஒரு ஸ்கூட்டர் குறுக்க வர்றான், அந்த மொத மிதிதான் ரோட்டுல உயிரக் காப்பாத்தற மிதி, அந்த நேரத்துல பேட் ஒரு நொடி யோசிச்சாலும் போச்சு. நம்ம ஊர்ல குளிரே இல்லையேன்னு சிலர் சொல்றாங்க. குளிர் இல்ல சரி, நவம்பர் மழை இருக்குல்ல. முட்டி அளவு தண்ணில ஓட்டிட்டு வெளிய வந்து மொத பிரேக் மிதிக்கும்போது டிஸ்க் நனஞ்சு ஆறிப்போய் இருக்கும். பேட் தேர்ந்தெடுக்கும்போது இருங்காட்டுக்கோட்டைய நெனைக்கறதுக்கு முன்னாடி வேளச்சேரிய நெனச்சுப் பாருங்க.

டிஎஸ்2500ஐ மழையில ஓட்டிப் பாத்துதான் இதச் சொல்றேன். நனஞ்ச டிஸ்க்ல மொத மிதிக்கு எல்லா பேடுக்கும் இருக்கற அந்தக் கொஞ்சூண்டு தாமதம் இருக்கு, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. தண்ணில எறங்கி ஏறினா இடது காலால லேசா பெடலத் தொட்டு கொஞ்ச தூரம் காய வெச்சுட்டுப் போறது எந்த பேடா இருந்தாலும் நல்ல பழக்கம்.

இந்த வகை பேடுக்கு ரெண்டு கொணம் உண்டு, எந்த பிராண்டு எடுத்தாலும் கொஞ்சமாவது இருக்கும், மொதல்லயே தெரிஞ்சுக்கறது நல்லது. ஒண்ணு சத்தம். சிக்னல்ல மெதுவா நிறுத்தும்போது, அந்தக் கடைசி அஞ்சு கிமீ வேகத்துல, கீச்சுனு வரும். முக்கியமா டிராக் போயிட்டு வந்த வாரம். பின் தகட்டுல ஷிம் (சத்தத்த அடக்கற மெல்லிசு தகடு) சரியா ஒக்காரணும், ஸ்லைடர் பின்னுக்கு (பேடப் புடிச்சு அழுத்தற காலிப்பர் நகர்றதுக்கு இருக்கற கம்பி) அதுக்குன்னு இருக்கற சிலிக்கான் கிரீஸ் போடணும், பெட்ரோல் எஞ்சின் சத்தத்துல அவ்வளவா கேக்காதுன்னு இத விட்டுடாதீங்க. ரெண்டாவது தூசி. இரும்புத் துகள் கலந்த தூசி, அலாய் மேல படிஞ்சு மழையில நனஞ்சுதுன்னா பழுப்பா துரு பிடிச்ச மாதிரி ஒட்டிக்கும், விட்டா பெயின்ட்டத் தின்னும். டிராக்லேருந்து வந்த அன்னிக்கே, சக்கரம் நல்லா ஆறினப்புறம், தண்ணி அடிச்சுக் கழுவிடணும். சூடா இருக்கற டிஸ்க் மேல வாட்டர் சர்வீஸ்காரர் பைப்ப வெச்சு அடிக்க விடாதீங்க, டிஸ்க் வெடிச்சுக் கோடு விழறதுக்கு இதவிட சுலபமான வழி இல்ல.

டிராக்ல எப்படி? சென்னை வெயில்ல, இருபது நிமிஷ செஷன்ல, கடைசி வரைக்கும் பெடல் ஒரே மாதிரி. கடைசி சுத்துல பிரேக் புள்ளிய முன்னாடி கொண்டு வர வேண்டிய நெலம வரல. கம்பெனி பேட்ல ஓட்டும்போது மூணாவது சுத்துலேருந்தே ஓட்டறத விட்டுட்டு பிரேக்கயே கவனிச்சுக்கிட்டு இருக்கணும். இப்ப கவனம் வளைவு மேல, கார் எங்க பாக்குதுங்கறது மேல போகுது. கத்துக்கறதுக்குத்தானே போறோம், அதுக்கு மனசு ஃப்ரீயா இருக்கணும். கூட்டிக் கொறச்சு அழுத்தறதும் சுலபமா இருக்கு, வளைவுக்குள்ள திருப்பும்போது பெடலக் கொஞ்சம் கொஞ்சமா விடும்போது பேட் சட்டுனு விடாம கூடவே வருது. இது கொஞ்சம் ஓட்டிப் பழகினவங்களுக்குத்தான் புரியும், புதுசா வர்றவங்களுக்கு இது பெரிய விஷயமாத் தெரியாது, ஆனா நாளாக நாளாக இதுதான் பெரிய விஷயம்.

புது பேட போட்டுட்டு நேரா டிராக்ல எறங்கி மொத சுத்துலயே அடிக்கக் கூடாது, மொதல்ல பெட்டிங் பண்ணணும், அதாவது பேட டிஸ்க்கோட பழக்கி ஒக்கார வெக்கணும். புது பேட்ல இருக்கற ரெசின் மொத தடவ சூடாகும்போது வாயு வெளிய விடும், அந்த வாயு நடுவுல நின்னு புடிப்பக் கெடுக்கும், நல்ல பேடயே மோசமான பேட்னு நெனைக்க வெச்சுடும். 100லேருந்து 20, 30 வரைக்கும் நிதானமா ஆரம்பிச்சு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட அழுத்தி, எட்டு பத்து தடவ. எந்தத் தடவையும் முழுசா நிறுத்தக் கூடாது. அப்புறம் பிரேக்கத் தொடாம ஓட்டி ஆற விடணும். முடிஞ்சதும் டிஸ்க்கப் பாத்தா பளபளன்னு வெள்ளி நெறமா இல்லாம ஒரே சீரா சாம்பல் கலந்த நீல நெறத்துல மங்கலா ஒரு படலம் தெரியும். அது வந்துருச்சுன்னா பேட் ஒக்காந்துருச்சு. இத பெங்களூரு ஹைவேல பண்ணாதீங்க, பின்னாடி லாரி வந்துக்கிட்டே இருக்கும், பகல்ல முடியவே முடியாது. டிராக் டே அன்னிக்கு மொத செஷன இதுக்குன்னே ஒதுக்கிடறது நல்லது, மத்தவங்களுக்கு எடம் விட்டு ஓரமா ஓட்டுங்க.

பல பேரு "டிஸ்க் வளஞ்சிருச்சு, ஸ்டீயரிங் ஆடுது"ன்னு சொல்றதுல பாதிக்கு மேல வளவே இல்ல, இந்தப் படலம் ஒரு எடத்துல தடிப்பாவும் ஒரு எடத்துல மெல்லிசாவும் படிஞ்சதுதான். சூடா பிட்டுக்குள்ள (டிராக் ஓரமா கார் நிறுத்தற எடம்) வந்து பிரேக்க மிதிச்சுக்கிட்டே நின்னா, பேட் இருந்த எடத்துல அச்சு விழுந்த மாதிரி படலம் ஒட்டிக்கும். டிஎஸ்ஜி காருக்கு இது இன்னும் சிக்கல், டி-ல நின்னா கார் ஊரும், தன்னால காலு பிரேக் மேல போயிடும். அதனால கடைசி சுத்து மெதுவா, பிரேக்கே தொடாம ஓட்டி ஆற வெச்சு, உள்ள வந்ததும் பி-ல போட்டு, சக்கரத்துக்குக் கட்டைய வெச்சு, காலையும் எடுத்துடுங்க, ஹேண்ட் பிரேக்கும் வேண்டாம். பக்கத்துல நிக்கற நண்பர் "அண்ணே, ஹேண்ட் பிரேக் போட மறந்துட்டீங்க"ன்னு உள்ள கைய விட்டு இழுக்காமப் பாத்துக்கோங்க, அக்கறைல செய்யறதுதான், ஆனா டிரம் அன்னிக்கு சூடா இருக்கும்.

ஒவ்வொரு டிராக் டேக்கும் அப்புறம் சக்கரத்தக் கழட்டி பேட வெளிய எடுத்துப் பாக்கறது எனக்கு வழக்கம். பேட் ஓரம் வெளிறி சாம்பல் பூத்து, தொட்டா பொடி உதிருதுன்னா அது தன் எல்லைக்கு மேல போயிருக்கு. ஒரு முனை தடிப்பு, இன்னொரு முனை மெலிசுன்னு ஆப்பு மாதிரி தேஞ்சிருந்தா ஸ்லைடர் பின் சரியா நகரல. பேடத் தள்ற பிஸ்டன சுத்தி இருக்கற ரப்பர் உறைய விரலால அழுத்திப் பாருங்க, மெதுமெதுன்னு இருக்கணும், மொடமொடன்னு ஆயிருந்தா சூடு அங்க வரைக்கும் போயிருக்குன்னு அர்த்தம், அடுத்தது ஃப்ளூயிட்தான். என் பேட்ல இந்த மூணும் இல்ல, ஓரம் கருப்பாவே இருக்கு, ரப்பரும் நல்லா இருக்கு. ஊகம் வேணாம், நிஜமா எவ்ளோ சூடாகுதுன்னு தெரியணும்னா தெர்மல் பெயின்ட் வாங்கி டிஸ்க் ஓரத்துல தடவிப் பாருங்க, பச்சை 430 டிகிரியிலயும், ஆரஞ்சு 560லயும், சிவப்பு 610லயும் நெறம் மாறும். பச்சை மட்டும் மாறி ஆரஞ்சு அப்படியே இருந்தா இந்த வகை பேட் உங்களுக்குச் சரியான அளவு. ஆரஞ்சும் மாறுச்சுன்னா உங்க காருக்கு இது பத்தாது.

பேட் பாதி தேஞ்சதும் டிராக்குக்கு அத நான் கொண்டு போறதில்ல. ரோட்டுக்கு அது இன்னும் ரொம்ப நாள் வரும், ஆனா பேட் மெல்லிசாக மெல்லிசாக சூடு சீக்கிரம் பின் தகட்டுக்கும் பிஸ்டனுக்கும் ஃப்ளூயிடுக்கும் போயிடுது.

மத்த சாய்ஸ்களப் பத்தி. ஈபிசி எல்லோஸ்டஃப் நம்ம ஊர்ல சுலபமாக் கெடைக்கற பேரு, பச்ச சூட்டுலயே நல்லாக் கடிக்கும், மேல ஒரு செவப்பு பூச்சு இருக்கும், அது டிஸ்க்கத் தேச்சுத் தயார் பண்றதுக்கு. ரோட்டு ஓட்டம் அதிகம், டிராக் எப்பவாச்சும்னா அதையும் தாராளமா எடுக்கலாம். அதே கம்பெனில கிரீன்ஸ்டஃப்னு இருக்கறது வேகமான ரோட்டு ஓட்டத்துக்கு, நெறம்தானே வேறன்னு டிராக்குக்கு அத வாங்காதீங்க. ப்ளூஸ்டஃப் இதுல டிராக் பக்கம் இன்னும் தள்ளி நிக்கற ஒண்ணு. ஹாக் டிடிசி-60, பகிட் ஆர்எஸ்29 எல்லாம் ரேஸுக்கான பேட், செமி ஸ்லிக் போட்டு ஓட்டறவங்க ரெண்டாவது செட்டா வெச்சுக்கலாம். அப்படி ரெண்டு செட் வெச்சா, டிஸ்க்கும் ரெண்டு செட் வெச்சுக்கறது உத்தமம், ஒரு காம்பவுண்டோட படலத்து மேல இன்னொண்ணு போய் ஒக்காந்தா பிரேக் மிதிக்கும்போது ஆட்டம் வரும். முடியலேன்னா ஒவ்வொரு தடவ மாத்தும்போதும் மறுபடி பெட்டிங் பண்ணியே ஆகணும்.

டிராக்கே போகாதவங்களுக்கு இது எதுவும் வேண்டாம். சென்னை பாடியில இருக்கற பிரேக்ஸ் இந்தியா கம்பெனியோட பேட், இல்ல ரானே, இல்ல கார் கம்பெனி பேட், தாராளமா போதும், விலையும் கம்மி, சத்தமும் வராது, டிஸ்க்கும் நாள் வரும். கொல்லிமல, ஏற்காடு எறக்கத்துல பிரேக் சூடாகுதுன்னா அதுக்கு கியர் கொறச்சு ஓட்டறதுதான் மருந்து, டிராக் பேட் இல்ல.

விலை கம்பெனி பேட விடப் பல மடங்கு, வெளிநாட்டுலேருந்து வரவழைச்சா கஸ்டம்ஸும் சேந்துக்கும். சென்னையில ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜிபி ரோட்டுல ஒரு கடையில பாதி விலைக்கு அதே பேருல பாக்ஸ் காட்டுவாங்க, அட்டை அச்செல்லாம் அச்சு அசலா இருக்கும். பின் தகட்டுல எழுத்து அழுத்தமா பதிஞ்சிருக்கா, பேட் ஓரம் ஒரே சீரா வெட்டியிருக்கா, பேடும் தகடும் சேர்ற எடத்துல இடைவெளி இல்லாம இருக்கான்னு பாருங்க. அந்தச் சேர்ற எடத்துல நகம் நொழையற அளவு கோடு தெரிஞ்சாலும் வேண்டாம், டிராக் சூட்டுல பேட் தகட்ட விட்டுக் கழண்டு வந்துச்சுன்னா அப்புறம் இரும்பு மேல இரும்புதான். அங்கீகாரம் இருக்கற டீலர்கிட்ட பில்லோட வாங்குங்க. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பழைய பேடக் கழட்டி வெச்சு, அதோட வடிவம், தடிமன், காது (ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கற முனை) இருக்கற எடம் எல்லாத்தையும் ஃபோட்டோவோட அனுப்பி ஒத்துப் பாத்துக்கோங்க, ஏன்னா நம்ம போலோவுக்கும் ஐரோப்பாவுல அதே வருஷம் வித்த போலோவுக்கும் பிரேக் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்ல, அங்க பல மாடல்ல பின்னாடியும் டிஸ்க்.

பட்ஜெட் கம்மின்னா வரிசை இதான்: மொதல்ல ஃப்ளூயிட், அப்புறம் முன் பேட், அப்புறம் பிரேக் ஹோஸ் (ஃப்ளூயிட் போற ரப்பர் குழாய்) பழசாயிருந்தா ஹோஸ். பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் காலிப்பர் எல்லாம் 105 குதிரைக்கு இப்போதைக்கு வேண்டாம். டிஸ்க் பின்னாடி இருக்கற தகரத்தக் கழட்டினா காத்து நல்லா வரும்னு ஒரு யோசனை சொல்வாங்க, முழு டிராக் காருக்கு அது சரி, மழையிலயும் ஜல்லி ரோட்டுலயும் ஓடற காருக்கு அது இருக்கட்டும். பின் டிரம்ல லைனிங் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு டிராக் போறதுக்கு முந்தின வாரம் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, மெக்கானிக் "அது நல்லாத்தான் சார் இருக்கு"ன்னு சொன்னாலும் கூட நின்னு பாருங்க, வீல் சிலிண்டர்ல கசிவு இருந்தா அப்பதான் கண்ணுல படும்.